கேபிளுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

காரைக்குடி செக்காலை ரோட்டில் என் அப்பா ஒரு சிறிய டிடிபி சென்டர் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என எல்லாவற்றையும் டைப் செய்து, டிசைன் செய்து பிரஸ்ஸுக்கு அனுப்புவதுதான் தொழில். நான் என்ஜினியரிங் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன்.

கடந்த மார்கழியில் கடைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. தை முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் மார்கழியில்தான் அச்சாகும் என்பதால் அப்பாவுக்கு அது தலை சொறியக்கூட நேரமில்லாத மாதம். அவசரமாக மதுரைக்குப் போய் ஒரு ரீபர்பிஷ்டு சிபியு வாங்கி வந்தார். மானிட்டர் பழைய 19 அங்குல சதுர மானிட்டர்தான். நன்றாக இருந்ததால் மாற்றவில்லை. சிபியுவைத் திருப்பிப் பார்த்தால், மானிட்டர் கேபிளைச் செருகும் நீல நிற விஜிஏ போர்ட்டே இல்லை. ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டும் ஒரு டிஸ்பிளேபோர்ட்டும் மட்டுமே இருந்தன.

இரண்டு நாள் கழித்து இரவில் போன் வந்தது. "தம்பி, ரெண்டு கேபிள் வாங்கிட்டேன். நானூறு ரூபாய்க்கு மேல போயிருச்சு. மிஷின் ஓடுற சத்தம் கேக்குது, ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. நாலு பத்திரிகை நிக்குது. சிபியுவைத் திருப்பிக் குடுத்திரலாமா?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு வயசாயிருச்சுப்பா. இனிமே இதெல்லாம் நமக்குப் புரியாது. கடையை யாருக்காவது விட்டுறலாம்னு பாக்குறேன்" என்றார்.

பேஜ்மேக்கர் காலத்தில் இருந்து தமிழ் எழுத்துருக்களோடு மல்லுக்கட்டி, ஒவ்வொரு மாற்றத்தையும் தானே கற்றுக்கொண்டவர் அவர். நானூறு ரூபாய் கேபிள் அவரை இப்படிப் பேச வைத்துவிட்டது. உண்மையில் சிபியுவில் குறை இல்லை, மானிட்டரிலும் இல்லை, அப்பாவிடமும் இல்லை. பிரச்சினை பொருத்தத்தில் இருந்தது.

கேபிள் செருகப் பொருந்துகிறது என்பதாலேயே படம் வந்துவிடாது. மூன்று பொருத்தங்கள் பார்க்க வேண்டும். சிக்னல் பொருத்தம், திசைப் பொருத்தம், அளவுப் பொருத்தம். அப்பா செய்த ஒவ்வொரு முயற்சியும் இவற்றில் ஒன்றைக் கற்றுத் தந்தது. உங்கள் வீட்டிலும் பழைய மானிட்டரோ புதிய டிவியோ இருந்தால் இது உங்களுக்கும் பயன்படும்.

முதலில் ஒரு சோதனை

பழுது எங்கே என்று தெரியாமல் காசு செலவழிக்கக் கூடாது. நான் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. (தமிழக அரசின் இந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது.) அதில் விஜிஏ போர்ட் உண்டு. அதை எடுத்து வரச் சொல்லி, மானிட்டரின் பழைய கேபிளை அதில் செருகச் சொன்னேன். பிறகு கீபோர்டில் விண்டோஸ் கீயையும் பி கீயையும் சேர்த்து அழுத்தி, இரண்டு திரையிலும் ஒரே படம் வரும் தேர்வைக் கொடுக்கச் சொன்னேன். மானிட்டரில் படம் பளிச்சென்று வந்தது. ஆக, மானிட்டரும் அதன் கேபிளும் நல்ல நிலையில் இருக்கின்றன.

மானிட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட இன்புட் இருந்தால், அதன் மெனுவில் சரியான சோர்ஸ் தேர்வாகி இருக்கிறதா என்பதையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். இதைக் கவனிக்காமல் கேபிளை மாற்றுபவர்கள் பலர்.

முதல் கேபிள்: சிக்னல் பொருத்தம்

அப்பா முதலில் வாங்கியது ஒரு முனையில் எச்டிஎம்ஐயும் மறுமுனையில் விஜிஏவும் கொண்ட சாதாரண ஒயர். இரண்டு பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் படம் இல்லை.

காரணம் எளிது. விஜிஏ என்பது 1987இல் ஐபிஎம் தனது பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களுடன் அறிமுகப்படுத்தியது. பிக்சர் டியூப் மானிட்டர்களின் காலம் அது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கும் தனித்தனி ஒயரில், ஏறி இறங்கும் மின்னழுத்தமாகச் சிக்னல் போகும். நிறம் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு வோல்டேஜ். உச்ச அளவு 0.7 வோல்ட். வரியும் திரையும் எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்ல இரண்டு சிங்க் ஒயர்கள் தனியே உண்டு. இது அனலாக் முறை.

எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வெளியானது. இதில் படம் பூஜ்யங்களாகவும் ஒன்றுகளாகவும் அதிவேகத்தில் போகிறது. இது டிஜிட்டல் முறை. தந்தி மொழியில் வரும் செய்தியைப் பாட்டாகக் கேட்க நினைத்தால் எப்படி? நடுவில் ஒருவர் அதைப் படித்துப் பாட வேண்டும் அல்லவா? அந்த வேலையைச் செய்ய ஒரு சிப் வேண்டும். அப்பா வாங்கிய ஒயரில் சிப் இல்லை. வெறும் செம்புக் கம்பிகள் டிஜிட்டலை அனலாக்காக மாற்றாது.

எனவே எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட், டைப்-சி ஆகியவற்றில் இருந்து விஜிஏவுக்கு வர வேண்டுமென்றால் உள்ளே சிப் உள்ள 'ஆக்டிவ்' கன்வெர்ட்டர்தான் தேவை. சில கேபிள்களில் இந்தச் சிப் விஜிஏ பிளக்கின் உறைக்குள்ளேயே இருக்கும். அட்டையில் 'கன்வெர்ட்டர்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேட்டு, முடிந்தால் கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

"விஜிஏ போர்ட்டை ஏன் எடுத்தார்கள்?" என்று அப்பா கேட்டார். இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ உள்ளிட்ட நிறுவனங்கள் 2010 டிசம்பரிலேயே, 2015க்குள் விஜிஏவைக் கைவிடப் போவதாகச் சேர்ந்து அறிவித்தன. எல்சிடி மானிட்டர் உள்ளுக்குள் டிஜிட்டல்தான். கம்ப்யூட்டர் டிஜிட்டலை அனலாக் ஆக்கி அனுப்ப, மானிட்டர் அதை மறுபடி டிஜிட்டல் ஆக்குவது வீண் வேலை. அறிவிப்பு வந்து பல வருடங்களுக்குப் பிறகும் நம் ஊர்களில் விஜிஏ மானிட்டர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாவது கேபிள்: திசைப் பொருத்தம்

ஒயர் வேலை செய்யவில்லை என்றதும் அப்பா வேறொரு கடைக்குப் போய், "கன்வெர்ட்டர் வேணும்" என்றே கேட்டு வாங்கினார். இந்த முறை சிப் இருந்தது. ஆனாலும் படம் வரவில்லை! போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். உறையில் 'விஜிஏ டு எச்டிஎம்ஐ' என்று இருந்தது. அவருக்குத் தேவை 'எச்டிஎம்ஐ டு விஜிஏ'.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. அவர் வாங்கியது பழைய விஜிஏ கம்ப்யூட்டரைப் புதிய டிவியுடன் இணைப்பதற்கானது. பெயரில் முதலில் வருவது சிக்னல் புறப்படும் இடம், இரண்டாவது போய்ச் சேரும் இடம். பஸ்ஸின் போர்டில் 'மதுரை – காரைக்குடி' என்று படிப்பது போல.

கடையில் பார்த்தவுடன் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கன்வெர்ட்டரின் விஜிஏ பக்கத்தில் பின்கள் துருத்திக்கொண்டிருந்தால், பெரும்பாலும் அது பழைய கம்ப்யூட்டரின் விஜிஏ போர்ட்டில் செருகுவதற்கானது. விஜிஏ பக்கத்தில் ஓட்டைகள் இருந்தால், உங்கள் மானிட்டரில் இருந்து வரும் கேபிளை ஏற்பதற்கானது. பிரச்சினை என்னவென்றால், மானிட்டரின் பின்புறமும் விஜிஏ ஓட்டைகள்தான் இருக்கின்றன. அதனால் தவறான கன்வெர்ட்டரும் அங்கே அழகாகப் பொருந்திவிடும். அப்பா ஏமாந்தது இந்த இடத்தில்தான். வடிவம் பொய் சொன்னால் அவர் என்ன செய்வார்?

மூன்றாவது முயற்சி: படம் வந்தது, ஆனால்...

மறுநாள் காலை எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர் வந்தது. படமும் வந்தது. அப்பாவின் குரலே மாறிவிட்டது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை கறுத்து மீண்டும் வந்தது.

எச்டிஎம்ஐ போர்ட்டில் 5 வோல்ட் மின்சாரம் ஒரு பின்னில் வரும். ஆனால் விதிப்படி அது தர வேண்டியது வெறும் 55 மில்லி ஆம்பியர்தான். சில கன்வெர்ட்டர் சிப்களுக்கு இது போதாது. அதனால்தான் பல கன்வெர்ட்டர்களின் பக்கவாட்டில் ஒரு சிறிய யுஎஸ்பி ஓட்டை இருக்கிறது. கூடவே வந்த யுஎஸ்பி ஒயரை அதில் செருகி, மறுமுனையை சிபியுவில் போடச் சொன்னேன். திரை கறுப்பது நின்றது. டிஸ்பிளேபோர்ட்டில் இந்தத் தொல்லை குறைவு. அதன் மின்சாரப் பின் 3.3 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை தரும்.

அதே கன்வெர்ட்டரில் இயர்போன் ஓட்டை போல ஒன்றும் இருக்கலாம். விஜிஏவில் ஒலி போகாது என்பதால், எச்டிஎம்ஐயில் வரும் ஒலியைப் பிரித்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கத்தான் அது.

இன்னொரு எச்சரிக்கை. செட்டாப் பாக்ஸை இப்படிப் பழைய மானிட்டரில் இணைக்க நினைத்தால், சில நிகழ்ச்சிகளுக்குக் கறுப்புத் திரை மட்டுமே வரலாம். எச்டிஎம்ஐயில் எச்டிசிபி எனும் காப்புரிமைப் பூட்டு உண்டு. விஜிஏவில் அது கிடையாது. எனவே பாதுகாக்கப்பட்ட படத்தை அந்த வழியே அனுப்ப பாக்ஸ் மறுத்துவிடும். இது கன்வெர்ட்டரின் பழுது அல்ல.

முட்டையான வட்டம்: அளவுப் பொருத்தம்

மாலையில் அடுத்த போன். "தம்பி, டிசைன்ல வட்டம் எல்லாம் முட்டையாத் தெரியுது. குத்துவிளக்கு நெட்டையா நிக்குது."

சதுர மானிட்டரின் உண்மையான அளவு 1280 × 1024 புள்ளிகள். விண்டோஸ் அனுப்பிக்கொண்டிருந்ததோ 1024 × 768. இரண்டின் அகல, உயர விகிதம் வேறு. மானிட்டர் அதை இழுத்துத் திரை முழுக்க நிரப்பியதால் வட்டம் முட்டையானது. டிஸ்பிளே செட்டிங்ஸில் 1280 × 1024 தேர்வு செய்ததும் சரியாகிவிட்டது. எந்த மானிட்டருக்கும் அதற்கென்று உள்ள இயல்பான ரெசல்யூஷனையே கொடுங்கள். எழுத்தும் கூர்மையாக இருக்கும்.

சில சமயம் அந்த அளவு பட்டியலிலேயே இருக்காது. மானிட்டர் தன்னைப் பற்றிய விவரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, விஜிஏ கேபிளில் 12, 15ஆம் பின்கள் உள்ளன. சில மலிவு கேபிள்களில் இந்த இணைப்பு இருக்காது. வேறு நல்ல கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆனால் விஜிஏ பிளக்கின் நடு வரிசையில் ஒன்பதாவது பின் மட்டும் இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பல கேபிள்களில் அது இல்லாமலேதான் வரும்.

பெரிய திரைகளில் இதே பொருத்தம் வேறு விதமாக வரும். எச்டிஎம்ஐ 1.4 பதிப்பு 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் காட்டும். எச்டிஎம்ஐ 2.0 அதையே 60 முறை காட்டும். புதிய 4கே டிவியில் மவுஸ் பாயின்டர் தத்தித் தத்திப் போனால், கம்ப்யூட்டர், கேபிள், டிவி ஆகிய மூன்றில் எது பழைய பதிப்பு என்று பாருங்கள். மூன்றில் எது பின்தங்கியதோ அதன் வேகத்தில்தான் எல்லாம் நடக்கும். வீட்டில் 1080 அளவு டிவிதான் என்றால் விலை உயர்ந்த கேபிள் தேவையே இல்லை.

இரண்டாவது மானிட்டர்: டிஸ்பிளேபோர்ட்டின் சலுகை

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா இன்னொரு யோசனை சொன்னார். நகரத்தார் வீட்டுப் பத்திரிகைகளில் பெயர் வரிசை நீளமாக இருக்கும். ஒரு பெயர் விட்டாலும் வருத்தம் வரும். எனவே ப்ரூப் பார்க்க வருபவர்கள் அவர் தோள் மேல் எட்டிப் பார்க்காமல், தங்கள் பக்கம் திரும்பிய இன்னொரு திரையில் பார்க்க வேண்டும். வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள ஒரு சிறிய டிவி சும்மா கிடந்தது. சிபியுவில் டிஸ்பிளேபோர்ட் காலியாக இருந்தது.

டிஸ்பிளேபோர்ட் 2006இல் வெசா அமைப்பு வெளியிட்டது. பார்க்க எச்டிஎம்ஐ போலவே இருக்கும். ஆனால் எச்டிஎம்ஐக்குக் கீழே இரண்டு மூலையும் சரிவாக இருக்கும், டிஸ்பிளேபோர்ட்டில் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். ஒன்றில் மற்றொன்றை அழுத்திச் செருகி போர்ட்டை உடைத்துவிடாதீர்கள். டிஸ்பிளேபோர்ட் பிளக்குகள் பலவற்றில் ஒரு கொக்கி உண்டு. மேலே உள்ள பட்டனை அழுத்திக்கொண்டுதான் இழுக்க வேண்டும்.

இரண்டும் டிஜிட்டல் என்றாலும் அவற்றின் மொழி வேறு. ஆனால் பல கம்ப்யூட்டர்களின் டிஸ்பிளேபோர்ட் 'டூயல் மோட்' வகை. பக்கத்தில் டிபி அடையாளத்துடன் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கும். இது எச்டிஎம்ஐ மொழியையும் பேசத் தெரிந்த போர்ட். எனவே டிஸ்பிளேபோர்ட்டில் இருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவான கேபிளே போதும். அப்பாவின் டிவியில் உடனே படம் வந்தது.

இங்கேயும் திசை முக்கியம். இந்தக் கேபிளைத் திருப்பிப் போட்டு, எச்டிஎம்ஐ கம்ப்யூட்டரை டிஸ்பிளேபோர்ட் மானிட்டருடன் இணைக்க முடியாது. எச்டிஎம்ஐக்கு டிஸ்பிளேபோர்ட் மொழி தெரியாது. அதற்குத் தனி ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும்.

இரட்டை வேடம் போடும் டிவிஐ

பழைய மானிட்டர்களிலும் கிராபிக்ஸ் கார்டுகளிலும் வெள்ளை நிற டிவிஐ போர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். 1999இல் வந்தது. இதில் டிவிஐ-டி டிஜிட்டல் மட்டும், டிவிஐ-ஏ அனலாக் மட்டும், டிவிஐ-ஐ இரண்டும் தரும்.

கண்டுபிடிப்பது எளிது. ஓரத்தில் உள்ள தட்டையான பிளேடு துளையைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இருந்தால் அதில் அனலாக் உண்டு. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் போர்ட்டில் சிப் இல்லாத சாதாரண அடாப்டர் போட்டே விஜிஏ மானிட்டரை இணைக்கலாம். நான்கு துளைகள் இல்லாவிட்டால் அது டிவிஐ-டி. அந்த அடாப்டர் அதில் நுழையவே நுழையாது. இந்த ஒரு இடத்தில் வடிவம் உண்மை பேசுகிறது.

டிவிஐயின் டிஜிட்டல் சிக்னலும் எச்டிஎம்ஐயின் சிக்னலும் உறவுக்காரர்கள். எனவே இரண்டுக்கும் இடையே சாதாரண கேபிளே போதும், இரு திசையிலும் வேலை செய்யும். பொதுவாக ஒலி மட்டும் வராது.

டைப்-சி: ஒரே ஓட்டை, பல குணம்

என் லேப்டாப்பில் டைப்-சி போர்ட்டில் இருந்தே படம் எடுக்கலாம் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். உடனே அவர் தன் போனின் சார்ஜர் கேபிளை எடுத்து நீட்டினார். டைப்-சி மானிட்டர் இருந்தாலும் அதில் படம் வராது.

2014இல் வந்த டைப்-சி பிளக் ஒன்றே, ஆனால் உள்ளே இருக்கும் வசதி பொருளுக்குப் பொருள் மாறும். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸும் 2023 ஜனவரியில் டைப்-சிக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது. பல கருவிகளுக்கு ஒரே சார்ஜர் என்பது நல்லதுதான். ஆனால் படம் வர, அந்த போர்ட்டில் 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' அல்லது தண்டர்போல்ட் வசதி இருக்க வேண்டும். போர்ட் பக்கத்தில் டிபி அடையாளமோ மின்னல் குறியோ இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த மாடலின் விவரக் குறிப்பைப் படியுங்கள். விலை குறைந்த போன்கள் பலவற்றில் இது இல்லை. சார்ஜ் செய்ய மட்டும் தரப்படும் கேபிள்களில் படம் போவதற்கான ஒயர்களே இருக்காது.

எது எதனுடன் சேரும்?

முதலில் இருப்பது கம்ப்யூட்டர் பக்கம், அடுத்து இருப்பது மானிட்டர் அல்லது டிவி பக்கம்.

விஜிஏ – எச்டிஎம்ஐ: ஆக்டிவ் கன்வெர்ட்டர் தேவை.
எச்டிஎம்ஐ – விஜிஏ: ஆக்டிவ் கன்வெர்ட்டர் தேவை. யுஎஸ்பி பவர் வசதி உள்ளதாக வாங்கவும்.
டிஸ்பிளேபோர்ட் – விஜிஏ: ஆக்டிவ் கன்வெர்ட்டர் தேவை.
டிஸ்பிளேபோர்ட் – எச்டிஎம்ஐ: டூயல் மோட் என்றால் சாதாரண கேபிள் போதும். 4கேயில் 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் ஆக்டிவ் வாங்கவும்.
எச்டிஎம்ஐ – டிஸ்பிளேபோர்ட்: ஆக்டிவ் கன்வெர்ட்டர் தேவை.
டிவிஐ-டி – எச்டிஎம்ஐ, எச்டிஎம்ஐ – டிவிஐ-டி: சாதாரண கேபிள் போதும்.
டிவிஐ-ஐ – விஜிஏ: சாதாரண அடாப்டர் போதும்.
டிவிஐ-டி – விஜிஏ: ஆக்டிவ் கன்வெர்ட்டர் தேவை.
டைப்-சி – எச்டிஎம்ஐ: போர்ட்டில் படம் தரும் வசதி இருந்தால் மட்டும் இதற்கான கேபிள் வேலை செய்யும்.

கடைக்குப் போகும் முன் சிபியுவின் பின்புறத்தையும் மானிட்டரின் பின்புறத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "எச்டிஎம்ஐ கேபிள் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காமல், "கம்ப்யூட்டரில் இது இருக்கிறது, மானிட்டரில் அது இருக்கிறது, படம் இங்கிருந்து அங்கே போக வேண்டும்" என்று சொல்லுங்கள். பாதி ஏமாற்றம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அப்பா சிபியுவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நின்றுபோன நான்கு பத்திரிகைகளும் நேரத்துக்கு அச்சாகிப் போய்விட்டன. பொங்கல் முடிந்து நான் கிளம்பும் நாளில் பார்த்தேன். அந்தக் கன்வெர்ட்டரின் இரண்டு முனைகளிலும் 'சிபியு பக்கம்', 'மானிட்டர் பக்கம்' என்று பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார். வேலைக்கு ஆகாத அந்த இரண்டு கேபிள்களையும் அவர் தூக்கிப் போடவில்லை. தனியாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறார். பக்கத்துக் கடைக்காரர் யாராவது புது சிபியு வாங்கினால், "இதையெல்லாம் வாங்கிராதீக" என்று காட்டுவதற்காம்!